சண்டையில்லாத வீட்டுக்கு எதற்கு வழக்கு?

"வக்கீலை வெச்சு கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க." வீட்டில் ஒருவர் இறந்தபிறகு அவர் பெயரில் உள்ளதை மாற்றக் கிளம்புகிறவர்கள் எங்காவது ஒரு கவுண்டரில் இதைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். வங்கியில் சொல்வார்கள், அடுக்குமாடிச் சங்கத்தில் சொல்வார்கள், வீடு வாங்க வருபவரின் கடன் அதிகாரி சொல்வார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அப்படிக் கேட்கிறது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். நான் வருவாய்த் துறையில் கீழ்நிலையில் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் மனுக்களுக்கு நடுவிலேயே என் வேலைக்காலம் போனது. பிறகு என் அப்பா இறந்தபோது, அவருடைய உயிலை வக்கீல் வைக்காமல் நானே நடத்தி முடித்தேன். மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு பழைய சுமையை இறக்கிவைத்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213ஆம் பிரிவை நீக்கியது. உயிலின்படி சொத்து தனக்கு என்று நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டுமானால், முதலில் அந்த உயிலுக்குப் புரொபேட் வாங்கியிருக்க வேண்டும் என்று சொன்ன பிரிவு அது. புரொபேட் என்றால், இதுதான் இறந்தவரின் கடைசி உயில், இது முறைப்படி எழுதப்பட்டது என்று நீதிமன்றம் முத்திரை வைத்துத் தரும் சான்று.

நாட்டில் எல்லோருக்கும் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. பழைய வங்காள மாகாணப் பகுதி, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் எல்லை, இவற்றுக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே உள்ள நிலம், வீட்டுக்கும் மட்டும்தான். அதிலும் இந்து, பௌத்த, சீக்கிய, சமண, பார்சி சமயத்தவருக்கு மட்டும். முஸ்லிம்களுக்கு எப்போதுமே இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது. 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதியைத் தொடக்கமாக வைத்து வெள்ளைக்காரர் வகுத்த எல்லை நேற்று வரை உயிரோடு இருந்தது. அதனால்தான் திருவல்லிக்கேணியில் வீடு வைத்திருந்த என் அப்பாவின் உயிலுக்குப் புரொபேட் தேவைப்பட்டது. தாம்பரத்தில் அதே அளவு வீடு வைத்திருந்த அவருடைய நண்பரின் உயிலுக்குத் தேவைப்படவில்லை. இந்தப் பிரிவு வேண்டாம் என்று சட்ட ஆணையம் 2008இலேயே தன் 209ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்தாவது கேட்டார்களே என்று மகிழ்கிறேன்.

ஆனால் சட்டத்தில் நீங்கியது கவுண்டரில் நீங்கவில்லை. இனியும் கேட்கத்தான் போகிறார்கள். அதோடு, புரொபேட் நடைமுறைக்குள் நல்லது ஒன்றும் இருந்தது. அது சேர்ந்து தொலைந்துபோய்விடுமோ என்பதுதான் என் பெரிய கவலை. அதைச் சொல்வதற்குமுன் அப்பாவின் உயில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். 2022இல் காலமானார். திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு, கும்பகோணத்தில் பாட்டன் வழி வராமல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓட்டு வீடு, வங்கியில் வைப்புத் தொகை. உயிலைத் தமிழில், தன் கையெழுத்திலேயே, சாதாரண வெள்ளைத்தாளில் எழுதியிருந்தார். பத்திரத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஒருவர் அவருடைய ரயில்வே நண்பர். இன்னொருவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர், அப்பாவைவிட முப்பது வயது இளையவர். அந்தத் தேர்வுதான் எங்களைக் காப்பாற்றியது. நண்பர் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். மருந்துக்கடைக்காரர் இருந்தார். உயில் எழுதுபவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை, உங்களைவிட இளையவராகப் பார்த்து, சொத்தில் பங்கு இல்லாதவராகப் பார்த்துச் சாட்சி வையுங்கள் என்பதே. இரண்டாவது, உயிலை நிறைவேற்றுபவர் இன்னார் என்று பெயரைக் குறிப்பிடுங்கள். அப்பா என் பெயரை எழுதியிருந்தார். அப்படி ஒரு பெயர் இருந்தால்தான் புரொபேட். இல்லாவிட்டால் நிர்வாகச் சான்று என்று வேறொன்றைக் கேட்டு மனுப் போட வேண்டும்.

அக்கா திருச்சியில், தம்பி கோயம்புத்தூரில். மூன்று பேருக்கும் உயிலில் பங்கு இருந்தது. யாருக்கும் குறை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் தம்பிதான் கேட்டான்: "சண்டையே இல்லையேக்கா, எதுக்கு வக்கீல்? நீயே போடேன்." உறவினர் ஒருவர் விசாரித்துச் சொன்ன கட்டணம் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருந்தது. எங்களுக்குள் வழக்கு இல்லாதபோது வழக்குக்கான செலவு எதற்கு என்று எனக்கும் தோன்றியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் கட்டளை தெளிவாக இருக்கிறது. கட்சிக்காரர் தானே ஆஜராகலாம்.

மனுவில் என்ன இருக்க வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 276ஆம் பிரிவே சொல்லித் தருகிறது. இறந்த தேதி, இணைத்திருப்பது அவருடைய கடைசி உயில்தான் என்ற உறுதி, அது முறைப்படி எழுதிக் கையெழுத்திடப்பட்டது என்பது, கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு, மனுதாரர்தான் உயிலில் பெயர் குறிப்பிடப்பட்டவர் என்பது. அவ்வளவுதான். தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா மேல்முறையீட்டுக்குக் குறிப்பு எழுதியவர்கள் எவரும் இதை எழுதிவிடலாம். கூடவே சாட்சியில் ஒருவர் கிடைக்கக்கூடியவராக இருந்தால், அவர் தன் கண்முன்னே உயில் கையெழுத்தானது என்று உறுதி சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் கடையைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு மாஸ்டர் எனப்படும் நீதிமன்ற அதிகாரி முன்னிலையில் சாட்சியம் சொல்லவும் வந்தார். "சார் என் கண்ணு முன்னாடிதான் எழுதினார். அவருக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படிம்மா?" என்றார். அக்காவும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள்.

கடினமான பகுதி மொழிதான். அப்பாவின் உயில் தமிழ். மனுவைக் கொடுத்த உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். உயிலை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆக்கி இணைக்க வேண்டும், மனுவும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எனக்கு அலுவலக ஆங்கிலம் கைவந்தது, சமாளித்தேன். சென்னையின் நடுவில், தமிழில் எழுதிய உயிலைத் தமிழில் கொடுக்க முடியாத நிலை எத்தனை பேரை வக்கீல் வாசலுக்குத் தள்ளியிருக்கும்! உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தை உணர்ச்சிப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள், இப்படிப்பட்ட மனுவை எழுத உட்காரும் ஒரு விதவையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து பார்க்க வேண்டும்.

பதிவகத்தில் குறை குறித்து மனுவைத் திருப்பினார்கள். சரிசெய்து மறுபடி கொடுத்தேன். அங்கிருந்த ஊழியர்கள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். எந்தப் பக்கத்தில் என்ன விடுபட்டது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். பிறகு நாளிதழில் அறிவிப்பு வெளியானது: இன்னாருடைய உயிலுக்குப் புரொபேட் கேட்கப்படுகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம் என்று. யாரும் வரவில்லை. உத்தரவு கிடைத்தது. உத்தரவோடு வேலை முடியவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் வரவுசெலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதையும் செய்தேன். கணக்கு எழுதுவதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. அப்பாவின் கடைசி மின் கட்டணம் வரை அதில் இருந்தது.

நீதிமன்றத்தைவிட எனக்குச் சிரமம் கொடுத்தது வங்கிக் கிளை. பெயரைச் சொல்லமாட்டேன், எல்லா வங்கியிலும் இதே கதைதான். வைப்புத் தொகைக்கு நாமினி அம்மா. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா மாற்றி எழுதவில்லை. தொகை பெரிதில்லை. ஆனாலும் வாரிசுரிமைச் சான்று நீதிமன்றத்தில் வாங்கி வாருங்கள் என்றார்கள். புரொபேட் நடந்துகொண்டிருந்தபோதே கேட்டார்கள். 2005 ஜூன் 9ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை எடுத்துப் போனேன். ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகையை, ஈட்டுறுதிக் கடிதம் தவிர வேறு ஆவணம் கேட்காமல் கொடுக்க வேண்டும், அந்த வரம்பை வங்கிகளே நிர்ணயிக்கலாம் என்று அது சொன்னது. "உங்கள் வங்கியின் வரம்பு என்ன, எங்கள் தொகை அதைத் தாண்டுகிறதா? தாண்டினால் அதை எழுத்தில் கொடுங்கள், நான் நீதிமன்றம் போகிறேன்" என்றேன். எழுத்தில் கொடுக்க யாரும் முன்வரவில்லை. மேலாளர் மண்டல அலுவலகத்துக்குப் பேசினார். பணம் வந்தது.

எழுத்தில் கொடுங்கள் என்ற அந்த இரண்டு சொல்லை நான் பணியில் இருந்தபோதே கற்றேன். வாய்மொழியில் மறுப்பதற்கு மேல்முறையீடு கிடையாது. எழுத்தில் மறுத்தால் உண்டு. அதனாலேயே பல அலுவலகங்கள் எழுத்தில் மறுப்பதில்லை. இப்போது வங்கிகளுக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. நாமினி இருந்தால் தொகை எவ்வளவானாலும் புரொபேட்டோ வாரிசுரிமைச் சான்றோ கேட்கக்கூடாது. நாமினி இல்லாவிட்டாலும், தகராறு இல்லாதபட்சத்தில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய முறையில் தர வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கு 5 லட்சம். ஆவணங்கள் எல்லாம் வந்தபின் 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், தாமதித்தால் வட்டி கொடுக்க வேண்டும். 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்பது உத்தரவு. இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆனால் ஒன்று: நாமினி பணத்தை வாங்குகிறவர், உரிமையாளர் அல்ல. உச்ச நீதிமன்றம் காப்பீட்டு வழக்கு ஒன்றில் 1983இலும், பங்குகள் தொடர்பான வழக்கில் 2023 டிசம்பரிலும் இந்த நிலையைத்தான் எடுத்தது. வாங்கியவர் மற்ற வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

மற்ற வாரிசுகள் என்னும்போதுதான் என் மேசையில் பார்த்தவை நினைவுக்கு வருகின்றன. லாரி ஓட்டுநர் ஒருவர் விபத்தில் போய்விடுவார். மனைவி, இரண்டு பிள்ளைகள் பெயரோடு வாரிசுச் சான்றிதழ் மனு வரும். அவருடைய தாய் எங்கே என்று கேட்டால், "அவங்க பெரியவரு வீட்டுல இருக்காங்க மேடம், அவங்களுக்கு எதுக்கு?" என்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் தனிச் சொத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. அந்த வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நால்வருக்கும் சம பங்கு. தந்தை அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாள் எதையும் கேட்கமாட்டார். கேட்காதவருடைய பெயரைப் பட்டியலில் எழுதுவது அலுவலரின் கடமை. மகள்கள் கதையும் இதேதான். கட்டிக் கொடுத்துவிட்டோம், நகை போட்டுவிட்டோம் என்று சொல்லிப் பெயரை விட்டுவிடுவார்கள். தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்கு 1956 முதலே உரிமை உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது, 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில் பெண்ணின் பெயர் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். புரொபேட் என்பது அலைச்சலும் செலவுமாக இருந்தாலும், அதில் ஒரு கட்டம் இருந்தது: எல்லோருக்கும் தெரிவித்தல். நெருங்கிய உறவுகளுக்கு அறிவிப்பு போகும், நாளிதழில் வரும், ஆட்சேபிக்க வாய்ப்பு இருக்கும். சென்னையில் இருக்கும் மகன் ஒரு தாளைக் காட்டி, அப்பா எல்லாவற்றையும் எனக்கே எழுதிவைத்தார் என்று சொன்னால், துபாயில் இருக்கும் தம்பிக்கும் சேலத்தில் இருக்கும் தங்கைக்கும் அது தெரிய வந்துவிடும். கட்டாயம் நீங்கியபின் அந்தத் தாள் நேராகத் தாலுகா அலுவலகத்துக்கு வரும், பட்டா மாறும், அடுத்த மாதம் வீடு விற்பனைக்குப் போகும். தங்கைக்குத் தெரியும்போது வாங்கியவர் குடியேறியிருப்பார். சென்னைக்கு வெளியே மற்ற மாவட்டங்களில் இந்த ஆபத்து எப்போதும் இருந்தது. இப்போது தலைநகருக்கும் வந்திருக்கிறது.

இதற்குப் பயந்து பழைய கட்டாயம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் செய்துகொண்டிருந்த அந்த ஒரு நல்ல வேலையை வருவாய்த் துறை கையில் எடுக்க வேண்டும் என்கிறேன். உயிலைக் காட்டிப் பட்டா மாறுதல் கேட்டு மனு வந்தால், இறந்தவரின் எல்லா வாரிசுகளுக்கும், உயிலில் பெயர் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே, பதிவுத் தபாலிலும் குறுஞ்செய்தியிலும் தகவல் போக வேண்டும். உயில் நகல் இணைத்திருக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் முப்பத்தோராம் நாள் பட்டா மாற வேண்டும், வேறு ஒரு தாளும் கேட்கக்கூடாது. ஒருவர் ஆட்சேபித்தாலும் கோப்பு அங்கேயே நிற்க வேண்டும், சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். உரிமைத் தகராறில் தீர்ப்புச் சொல்ல வட்டாட்சியருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தகராறு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

தானே நடத்துகிறேன் என்று கிளம்புகிற குடும்பத்துக்கும் இதையேதான் சொல்வேன். வக்கீல் வேண்டாம் என்று முடிவுசெய்யும் உரிமை, எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்ட வீட்டுக்குத்தான் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்கும் சொல்ல வேண்டும், காதல் திருமணம் செய்துகொண்டு போன தங்கைக்கும் சொல்ல வேண்டும். ஒருவராவது முகம் திருப்பினால் உடனே நல்ல வக்கீலைப் பாருங்கள். ஆட்சேபம் வந்த புரொபேட் மனு முழு வழக்காகவே மாறிவிடும். சாட்சியை விசாரிப்பது, குறுக்கு விசாரணை செய்வது எல்லாம் கற்றவர்கள் செய்யும் வேலை. வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை இருந்து சொத்தை விற்க வேண்டிவந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்கும் உதவி தேவை. காசில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். கணவனை இழந்து இடைத்தரகர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும் பெண்களில் இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஒவ்வொரு தாலுகா அலுவலக வாசலிலும் இதைப் பெயிண்டில் எழுதிப்போட எத்தனை செலவாகும்?

உயில் வழிப் பட்டா மாறுதலுக்கு வாரிசுகளுக்கு அனுப்பவேண்டிய அறிவிப்பை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியலும், மறுத்தால் காரணம் எழுதுவதற்கான இடமும் அதன் பின்பக்கத்தில் இருக்கின்றன. என்னோடு பணிபுரிந்த இருவர் படித்துத் திருத்திக் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுக்கப்போகிறேன். ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்குவேன்.